ரெஸ்யூமே எழுதுவது எப்படி? விளம்பரத்தைப் படிப்பதிலிருந்து அனுப்புவது வரை

"சவால்கள் நிறைந்த பணிச்சூழலில் என் திறமைகளை வளர்த்துக்கொண்டு, நிறுவனத்தின் வளர்ச்சிக்கும் பங்களிக்க விரும்புகிறேன்."

என் குழுவுக்கு ஆள் எடுப்பதற்காக ரெஸ்யூமேக்களைப் படித்த காலத்தில் இந்த வரி கண்ணில் படாத நாளே கிடையாது. சொல் கொஞ்சம் மாறும், சரக்கு ஒன்றுதான். சிரிக்கவும் முடியாது. என்னுடைய முதல் ரெஸ்யூமேயும் இதே வரியில்தான் தொடங்கியது. நண்பனிடமிருந்து வாங்கிப் பெயரை மட்டும் மாற்றினேன். அவன் அவனுடைய சீனியரிடமிருந்து வாங்கியிருந்தான்.

இந்த வரியில் பொய் இல்லை, எழுத்துப்பிழையும் இல்லை. ஆனால் இதைக் கணக்காளரும் எழுதலாம், செவிலியரும் எழுதலாம், மென்பொருள் எழுதுபவரும் எழுதலாம். படிக்கிறவருக்கு இதிலிருந்து ஒன்றும் கிடைப்பதில்லை. அவர் மனதில் இருப்பது ஒரே கேள்வி: "எனக்கு ஒரு வேலை ஆகவேண்டியிருக்கிறது, இவரால் ஆகுமா?" ரெஸ்யூமே அந்தக் கேள்விக்கு எழுதும் பதில். இதை மனதில் வைத்துக்கொண்டால், எதைச் சேர்ப்பது, எதை விடுவது என்ற குழப்பம் பாதி தீர்ந்துவிடும்.

பெயர்க் குழப்பத்தையும் இங்கேயே முடித்துவிடலாம். ரெஸ்யூமே என்ற பிரெஞ்சுச் சொல்லுக்குச் 'சுருக்கம்' என்று பொருள். சிவி எனப்படும் கரிகுலம் விட்டே லத்தீன், 'வாழ்க்கையின் போக்கு' என்று பொருள். அமெரிக்காவில் சிவி என்றால் ஆய்வுக் கட்டுரைகள் வரை எல்லாம் அடங்கிய நீண்ட கல்வித்துறை ஆவணம். பிரிட்டனில் நாம் ரெஸ்யூமே என்று சொல்வதையே சிவி என்கிறார்கள். பயோடேட்டா என்பது பிறந்த தேதி, பெற்றோர் பெயர், திருமண நிலை போன்ற சொந்த விவரங்களை முன்னால் வைக்கும் பழைய வடிவம். விளம்பரத்தில் எந்தச் சொல் இருந்தாலும், கல்வித்துறை வேலையாக இல்லாத வரை, அவர்கள் கேட்பது பெரும்பாலும் 1 அல்லது 2 பக்கச் சுருக்கத்தைத்தான்.

முதல் படி: விளம்பரத்தைப் பேனாவோடு படியுங்கள்

பெரும்பாலோர் வெற்றுப் பக்கத்தைத் திறந்து முதலில் தங்கள் பெயரை எழுதுகிறார்கள். நான் விளம்பரத்திலிருந்து தொடங்கச் சொல்வேன். அதை அச்செடுங்கள், அல்லது ஒரு கோப்பில் ஒட்டிக்கொள்ளுங்கள். பிறகு மூன்று விதமாகக் குறியிடுங்கள்: கட்டாயம் வேண்டும் என்று கேட்பவை, இருந்தால் நல்லது என்று சொல்பவை, திரும்பத் திரும்ப வருபவை.

இந்த மூன்றாவதில்தான் விஷயம் இருக்கிறது. ஒரு கிடங்கு ஒருங்கிணைப்பாளர் வேலை என்று வைத்துக்கொள்வோம். (இந்த உதாரணத்தையே கடைசி வரை கொண்டுபோகிறேன்.) விளம்பரத்தில் "இருப்புக் கணக்கில் துல்லியம்" என்பது வேலை விவரத்தில் ஒரு முறை, தகுதியில் ஒரு முறை, கடைசிப் பத்தியில் இன்னொரு முறை வருகிறது. அப்படியென்றால் அங்கே கணக்கில் இருப்பதும் அலமாரியில் இருப்பதும் ஒத்துப்போகாமல் யாரோ தலையைப் பிய்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்று ஊகிக்கலாம். உங்கள் ரெஸ்யூமே அந்தத் தலைவலிக்குப் பதில் சொல்ல வேண்டும்.

விளம்பரத்தில் கேட்ட எல்லாமே உங்களிடம் இருக்க வேண்டும் என்று காத்திருக்காதீர்கள். பல விளம்பரங்கள் ஆசைப் பட்டியல்கள். கட்டாயத் தகுதிகளில் பெரும்பகுதி இருந்தால் விண்ணப்பிக்கலாம். ஆனால் உரிமம், பதிவுச் சான்று, பணி அனுமதி போன்று சட்டப்படி தேவையானவை இல்லையென்றால் நேரத்தை வேறு இடத்தில் செலவிடுங்கள்.

இரண்டாவது படி: யாருக்கும் அனுப்பாத ஒரு மூலப் பட்டியல்

இதற்கு ஒரு முழு மாலை தேவைப்படும். படித்தது, பார்த்த வேலைகள், பயிற்சிகள், சொந்தமாகச் செய்த திட்டங்கள், சம்பளமில்லாமல் செய்த பணிகள் என எல்லாவற்றையும் ஒரே கோப்பில் கொட்டுங்கள். அழகு வேண்டாம், நீளம் பற்றிய கவலையும் வேண்டாம். 6 பக்கம் வந்தாலும் சரி. இனி நீங்கள் அனுப்பும் ஒவ்வொரு ரெஸ்யூமேயும் இதிலிருந்து அள்ளியெடுப்பதுதான்.

எழுத உட்கார்ந்தால் "பெரிதாக ஒன்றும் செய்யவில்லையே" என்றுதான் எல்லோருக்கும் தோன்றும். அப்போது சில கேள்விகள் உதவும். நீங்கள் வருவதற்கு முன் அந்த வேலை எப்படி நடந்தது, நீங்கள் விலகும்போது எப்படி நடந்தது? சக ஊழியர்கள் எதற்காக உங்களைத் தேடி வருவார்கள்? நீங்கள் ஒரு வாரம் விடுப்பு எடுத்தால் எது நின்றுபோகும்? எனக்கு மிகவும் பிடித்தது இந்தக் கடைசிக் கேள்வி. "நான் இல்லாவிட்டால் மாதக் கடைசி அறிக்கை போகாது" என்று சொன்ன ஒருவர், அதுவரை தன் ரெஸ்யூமேயில் அந்த அறிக்கையைப் பற்றி ஒரு சொல்கூட எழுதியிருக்கவில்லை.

பழைய மதிப்பீட்டுப் படிவங்கள், பாராட்டு மின்னஞ்சல்கள், நாட்காட்டி ஆகியவற்றைப் புரட்டினால் மறந்துபோனவை வெளியே வரும். இப்போது வேலையில் இருப்பவர்கள், செய்ததை 3 மாதத்துக்கு ஒரு முறை இந்தக் கோப்பில் குறித்துவிடுங்கள். வேலையை விட்ட பிறகு எண்கள் நினைவுக்கு வராது. அலுவலக ஆவணங்களை வீட்டுக்கு எடுத்துவரச் சொல்லவில்லை. அது ஒப்பந்தத்தை மீறும் காரியம். நீங்கள் செய்ததை உங்கள் சொற்களில் எழுதி வைத்தால் போதும்.

மூன்றாவது படி: பொருத்துங்கள், மீதியை விடுங்கள்

இப்போது குறியிட்ட விளம்பரத்தையும் மூலப் பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். விளம்பரத்தின் ஒவ்வொரு முக்கியத் தேவைக்கும் எதிரே உங்கள் பட்டியலிலிருந்து ஓர் ஆதாரத்தை எழுதுங்கள். ஆதாரம் கிடைக்காத தேவை இருந்தால் அதைக் காலியாகவே விடுங்கள். எந்தத் தேவைக்கும் பொருந்தாத சாதனைகள் எத்தனை பெரிதாக இருந்தாலும் கீழே போகட்டும், அல்லது வெளியே போகட்டும்.

இதற்கு நல்ல முன்னுதாரணம் 500 ஆண்டுக்கு மேல் பழையது. 1482 வாக்கில் லியொனார்டோ டா வின்சி, மிலானில் ஆட்சி செலுத்திய லுடோவிகோ ஸ்போர்ஸாவிடம் வேலை கேட்டு ஒரு கடிதம் எழுதினார். அதன் வரைவு இன்றும் இருக்கிறது. எளிதாகத் தூக்கிச் செல்லும் பாலங்கள், முற்றுகையின்போது அகழி நீரை வடிக்கும் வழி, பீரங்கிகள், மூடிய போர் வண்டிகள் என்று வரிசையாக அடுக்குகிறார். கட்டடக்கலையும் சிற்பமும் ஓவியமும் தனக்கு வரும் என்பதைக் கடிதத்தின் கடைசியில்தான் சொல்கிறார். நாம் அவரை எதற்காக நினைவில் வைத்திருக்கிறோமோ, அது அந்தப் பட்டியலின் அடியில் கிடக்கிறது. படிக்கப்போகிறவர் போரைப் பற்றிக் கவலைப்படும் ஆட்சியாளர் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

ஒவ்வொரு விண்ணப்பத்துக்கும் முழு ரெஸ்யூமேயையும் புதிதாக எழுத வேண்டியதில்லை. மேலே உள்ள சுருக்கம், அண்மை வேலையின் முதல் 3, 4 வரிகள், திறன்களின் வரிசை ஆகியவற்றை மாற்றினால் போதும். பழகிவிட்டால் அரை மணி நேர வேலை.

நான்காவது படி: ஒவ்வொரு வரியையும் எழுதுவது

இங்கே அவசரப்படாதீர்கள். மற்றதெல்லாம் சுமாராக இருந்தாலும் வேலை அனுபவ வரிகள் நன்றாக இருந்தால் அழைப்பு வரும்.

பெரும்பாலான வரிகள் இப்படித்தான் இருக்கின்றன: "இருப்புக் கணக்குப் பராமரிப்புக்குப் பொறுப்பாக இருந்தேன்." பொறுப்பு கொடுத்தார்கள், சரி. அப்புறம் என்ன நடந்தது? நன்றாகச் செய்தவரும் இதே வரியை எழுதலாம், குளறுபடி செய்தவரும் இதே வரியை எழுதலாம்.

கூகுளில் மனிதவளப் பிரிவுக்குத் தலைவராக இருந்த லாஸ்லோ பாக் இதற்கு ஒரு சூத்திரம் சொன்னார்: எதைச் சாதித்தீர்கள், அதை எதை வைத்து அளக்கலாம், என்ன செய்து அதைச் சாதித்தீர்கள். மூன்றும் ஒரே வரியில் வர வேண்டும். நம் கிடங்குக்காரரின் வரியை இதன்படி மாற்றுவோம் (எண்கள் உதாரணத்துக்காக நான் போட்டவை):

"சுமார் 4,000 பொருள்கள் உள்ள கிடங்கில், ஆண்டுக்கு ஒரு முறை நடந்த கணக்கெடுப்பை வாராந்தரச் சுழற்சி முறைக்கு மாற்றி, கணக்குக்கும் கையிருப்புக்குமான வேறுபாட்டை 6%-இலிருந்து 1.5%-ஆகக் குறைத்தேன்."

நீளமாகத் தெரியலாம். ஆனால் இதில் கிடங்கின் அளவு தெரிகிறது, பழைய நிலைமை தெரிகிறது, அவர் செய்த மாற்றமும் அதன் பலனும் தெரிகின்றன. இன்டர்வியூவில் கேட்க 3 கேள்விகளை இந்த வரியே எடுத்துக் கொடுக்கிறது. அந்தக் கேள்விகளுக்கு அவரிடம் பதிலும் இருக்கும்.

"என் வேலையில் எண்ணே கிடையாது" என்பது அடிக்கடி கேட்கும் மறுப்பு. விற்பனைத் தொகையும் லாபமும் மட்டும்தான் எண்கள் என்று நினைப்பதால் வரும் எண்ணம் அது. எத்தனை பேர், எத்தனை முறை, எவ்வளவு நேரம், எவ்வளவு பெரியது, எத்தனை பிழை என்று கேட்டுப் பாருங்கள். ஆசிரியர்: "40 மாணவர்கள் கொண்ட 3 வகுப்புகள், பின்தங்கிய 12 பேருக்கு வாரம் 2 கூடுதல் வகுப்புகள்." வரவேற்பாளர்: "நாளொன்றுக்குச் சுமார் 80 பார்வையாளர்கள், 5 பேரின் சந்திப்பு நேரங்கள்." செவிலியர்: "24 படுக்கைப் பிரிவில் இரவுப் பணி, புதிதாகச் சேர்ந்த 6 பேருக்குப் பயிற்சி." இவை எதுவும் சாகசம் இல்லை. ஆனால் வேலையின் கனம் கண்ணுக்குத் தெரிகிறது.

துல்லியமான எண் நினைவில் இல்லையென்றால் "சுமார்" போடலாம். நேர்மையான மதிப்பீட்டில் தவறில்லை, எப்படி அந்த எண்ணுக்கு வந்தீர்கள் என்று சொல்லத் தெரிந்தால் போதும். சதவீதத்தில் மட்டும் கவனம் வேண்டும். 1 வாடிக்கையாளர் 3 ஆனதை "200% வளர்ச்சி" என்று எழுதினால், இன்டர்வியூவில் இரண்டாவது கேள்வியிலேயே அது உடையும். நிறுவனத்தின் ரகசியத் தொகைகளையும் வெளியிடாதீர்கள். ஒரு ரகசியத்தை ரெஸ்யூமேயில் போட்டவர் நாளை எங்கள் ரகசியத்தையும் போடுவார் என்றுதான் படிக்கிறவர் நினைப்பார்.

எண் எதுவுமே கிடைக்காத வேலையும் உண்டு. அங்கே விளைவைச் சொல்லுங்கள். "நான் எழுதிய கையேட்டைத்தான் புதியவர்களுக்கு இன்றும் தருகிறார்கள்" என்பது எண் இல்லாமலேயே நிற்கும் வரி.

இன்னும் சில பழக்கங்கள். வரியைச் செயலோடு முடியுங்கள்: வடிவமைத்தேன், குறைத்தேன், பேசி முடித்தேன், கண்டுபிடித்தேன். "செய்யப்பட்டது", "மேற்கொள்ளப்பட்டது" என்று எழுதினால் யார் செய்தார்கள் என்பது காணாமல் போகும். ஆங்கிலத்தில் எழுதும்போது வினைச்சொல்லை வரியின் தொடக்கத்திலேயே வைத்து, 'நான்' என்பதை விட்டுவிடுவது வழக்கம். நடந்து முடிந்த வேலை இறந்த காலத்தில், நடக்கிற வேலை நிகழ்காலத்தில். குழுவாகச் செய்ததைத் தனியாகச் செய்ததாக எழுதாதீர்கள், அதே நேரம் குழுவுக்குள் உங்களை ஒளித்துக்கொள்ளவும் வேண்டாம். "5 பேர் குழுவில் சோதனைப் பகுதியை நான் கவனித்தேன்" என்றால் இரண்டும் சரியாகிவிடும்.

கடின உழைப்பாளி, விரைவில் கற்றுக்கொள்பவர், குழு மனப்பான்மை கொண்டவர் போன்ற பட்டங்களை நாமே நமக்குச் சூட்டிக்கொள்வதில் பயன் இல்லை. யாரும் தன்னைச் சோம்பேறி என்று எழுதப்போவதில்லையே.

அண்மை வேலைக்கு 4 முதல் 6 வரிகள், அதற்கு முந்தையதற்கு 3, பத்தாண்டுக்கு முன் பார்த்ததற்கு ஒரே வரி. எல்லா வேலைக்கும் சம இடம் கொடுப்பது நியாயம்போல் தோன்றும், ஆனால் படிக்கிறவருக்கு நீங்கள் இப்போது என்ன செய்கிறீர்கள் என்பதில்தான் அக்கறை.

ஐந்தாவது படி: பக்கத்தின் தலைப்பகுதி

அனுபவ வரிகளை முடித்த பிறகே இதற்கு வாருங்கள். வேலைவாய்ப்புத் தளமான லேடர்ஸ் 2018-இல் கண் அசைவுகளைப் பதிவுசெய்து பார்த்தபோது, ஆள் தேர்வு செய்பவர்கள் முதல் பார்வையில் ஒரு ரெஸ்யூமேக்குச் சராசரியாக 7.4 விநாடிகள் கொடுத்தார்கள். இந்த எண்ணைக் காட்டிப் பலர் பயமுறுத்துவார்கள். என் அனுபவத்தில் அந்த முதல் பார்வையில் நடப்பது வேறு: "இது பிறகு நிதானமாகப் படிக்க வேண்டியதா, இல்லையா?" என்ற பிரிப்பு மட்டும்தான். அந்தப் பிரிப்பு பெரும்பாலும் முதல் பக்கத்தின் மேல் மூன்றில் ஒரு பகுதியிலேயே நடந்துவிடுகிறது.

அங்கே என்ன இருக்க வேண்டும்? பெயர், சான்றிதழ்களில் இருக்கும் அதே எழுத்துக்கூட்டலில். நாட்டுக் குறியீட்டோடு தொலைபேசி எண். பெயரை ஒட்டிய, அலுவலகத்துக்குச் சொல்லத் தயங்க வேண்டாத மின்னஞ்சல் முகவரி. இப்போதைய அலுவலக மின்னஞ்சலைப் போடாதீர்கள். முழு வீட்டு முகவரி தேவையில்லை, ஊரும் நாடும் போதும். வேலைக்குத் தொடர்புள்ள இணைப்பு இருந்தால் ஒன்றிரண்டு: லிங்க்ட்இன், கிட்ஹப் (மென்பொருள் எழுதுபவர்கள் தங்கள் நிரல்களை வைக்கும் தளம்), உங்கள் படைப்புகளின் தொகுப்பு. அவற்றைத் திறந்தால் கடைசியாக நான்கு ஆண்டுக்கு முன் தொட்டதாகத் தெரிந்தால், போடாமலிருப்பதே மேல்.

அதன் கீழே 2 அல்லது 3 வரிச் சுருக்கம். முதலில் பார்த்த 'சவால்கள் நிறைந்த' வரி உட்கார்ந்திருந்த இடம் இதுதான். அது உங்களுக்கு என்ன வேண்டும் என்று சொன்னது. இப்போது அவர்களுக்கு என்ன கிடைக்கும் என்று சொல்லுங்கள்: "7 ஆண்டு அனுபவமுள்ள கிடங்கு ஒருங்கிணைப்பாளர். இருப்புக் கணக்கெடுப்பு, எக்செல் அறிக்கைகள், 5 பேர் கொண்ட ஷிப்ட் நிர்வாகம். கணக்கு வேறுபாட்டை 6%-இலிருந்து 1.5%-ஆகக் குறைத்தவர்." முடிந்தது.

துறை மாறுகிறவர்களுக்கு இந்தச் சுருக்கம் இன்னும் முக்கியம். பழைய வேலைக்கும் புதிய வேலைக்கும் நடுவே உள்ள பாலத்தை நீங்கள் போடாவிட்டால், படிக்கிறவர் உட்கார்ந்து போட்டுக்கொண்டிருக்க மாட்டார்.

ஆறாவது படி: கல்வி, திறன்கள், மற்றவை

அனுபவம் உள்ளவர்களுக்குக் கல்வி 2, 3 வரிகளில் முடிந்துவிடும்: பட்டம், நிறுவனம், ஆண்டு. பள்ளி மதிப்பெண்களைத் தூக்கிக்கொண்டு 15 ஆண்டு நடக்க வேண்டியதில்லை.

ஃப்ரெஷர்களுக்குக் கதை வேறு. அவர்கள் கல்வியையும் திட்டப்பணிகளையும் மேலே வைக்கலாம். ஆனால் "இறுதியாண்டு புராஜெக்ட்: நூலக மேலாண்மை அமைப்பு" என்று தலைப்பை மட்டும் எழுதிவிட்டு நகராதீர்கள். நான்காவது படியில் சொன்னது இங்கும் பொருந்தும். என்ன சிக்கல், உங்கள் பங்கு எது, எதைக் கொண்டு செய்தீர்கள், யாராவது பயன்படுத்தினார்களா? பகுதிநேர வேலை, விழாக் குழு, தன்னார்வப் பணி எல்லாம் அனுபவம்தான். பணத்தைக் கையாண்டீர்களா, ஆட்களை ஒருங்கிணைத்தீர்களா, கெடு தேதிக்குள் முடித்தீர்களா என்பதுதான் கேள்வி.

திறன்கள் பகுதியில் சோதித்துப் பார்க்கக்கூடியதை மட்டும் போடுங்கள். "கணினி அறிவு" என்பதைவிட "எக்செல்: பிவட் டேபிள், விலுக்அப்" மேல். 5 நட்சத்திரத்தில் 4 என்றும் 80% நிரம்பிய பட்டை என்றும் போடும் பழக்கம் ஆயத்த வடிவங்களால் பரவியிருக்கிறது. எதில் 80%? யாருக்கும் தெரியாது. மொழிகளுக்கு மட்டும் ஒப்புக்கொள்ளப்பட்ட அளவுகோல் உண்டு: ஐரோப்பிய மொழித்திறன் சட்டகத்தின் ஏ1 முதல் சி2 வரையிலான 6 நிலைகள். தேர்வு எழுதியிருந்தால் அந்த நிலையைக் குறிப்பிடுங்கள்.

பொழுதுபோக்கு? இசை கேட்பேன், பயணம் செய்வேன் என்பதால் யாரும் அழைக்க மாட்டார்கள். மாரத்தான் ஓடுவது, சதுரங்கப் போட்டியில் தரவரிசை என்று குறிப்பாக ஏதாவது இருந்தால் ஒரு வரி. பரிந்துரைப்போரின் பெயர்களும் எண்களும், "மேற்கண்டவை உண்மை" என்ற உறுதிமொழியும் கேட்டால் மட்டும்.

ஏழாவது படி: எழுதக் கூசும் இடங்கள்

இடைவெளியை மறைக்கப் பார்த்தால் அதுதான் முதலில் கண்ணில் படும். "2021–2022: குடும்பத்தில் ஒருவரைப் பராமரிப்பதற்காகப் பணி இடைவெளி" என்று ஒரே வரி போதும். நோயின் பெயர், குடும்பச் சிக்கல் எதையும் விளக்க வேண்டாம். அந்தக் காலத்தில் ஏதேனும் படித்திருந்தால் சேர்த்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் சும்மா விடுங்கள். வேலைகளை விட்டுவிட்டுத் திறன்களை மட்டும் தொகுக்கும் வடிவத்தைச் சிலர் இதற்காகப் பரிந்துரைப்பார்கள். எனக்கு உடன்பாடில்லை. அந்த வடிவத்தைப் பார்த்ததும் நான் முதலில் தேடுவது எதை மறைக்கிறார்கள் என்பதைத்தான்.

குறுகிய கால ஒப்பந்த வேலைகள் அடுத்தடுத்து இருந்தால் ஒவ்வொன்றிலும் "ஒப்பந்தம்" என்று குறித்துவிடுங்கள். ஓடிக்கொண்டே இருப்பவர் என்ற சந்தேகம் போய்விடும். வேலையை விட்ட காரணத்தை ரெஸ்யூமேயில் எழுதத் தேவையில்லை, அது நேரில் பேசுவதற்கு. சம்பளமும் அப்படித்தான்.

பொய் மட்டும் வேண்டாம். 2012 ஜனவரியில் யாகூவின் தலைமைச் செயல் அதிகாரியான ஸ்காட் தாம்சன் அதே ஆண்டு மே மாதம் பதவியிலிருந்து விலக நேர்ந்தது. அவருடைய பணிக்குறிப்பில் கணக்கியலோடு கணினி அறிவியல் பட்டமும் இருந்தது. அவர் உண்மையில் பெற்றது கணக்கியல் பட்டம் மட்டும். அந்தப் பதவிக்கு அந்தக் கணினிப் பட்டம் தேவையே இல்லை என்பதுதான் இதில் பரிதாபம். பின்னணிச் சரிபார்ப்பில் முதலில் பார்ப்பது பட்டம், பதவிப் பெயர், சேர்ந்த தேதி, விலகிய தேதி ஆகியவற்றைத்தான். படிப்பை முடிக்கவில்லையென்றால் "3 ஆண்டுகள் படித்தது, பட்டம் பெறவில்லை" என்றே எழுதலாம்.

எட்டாவது படி: தோற்றமும் இயந்திரமும்

பெரிய நிறுவனங்களுக்கு அனுப்பும் ரெஸ்யூமே முதலில் ஏடிஎஸ் எனப்படும் விண்ணப்ப மேலாண்மை மென்பொருளுக்குள் போகும். இது ரெஸ்யூமேயை எழுத்தாகப் பிரித்து, பெயர், நிறுவனம், தேதி, திறன் என்று தனித்தனிக் கட்டங்களில் போட்டு வைக்கும். பிறகு ஆள் தேர்வு செய்பவர் அதில் தேடுவார். ரோபோ எல்லாவற்றையும் குப்பையில் போடுகிறது என்று பரவும் கதைகளை அப்படியே நம்ப வேண்டாம். தானாக நிராகரிப்பு நடப்பது பெரும்பாலும் விண்ணப்பப் படிவத்தில் கேட்கும் 'பணி அனுமதி உண்டா, இத்தனை ஆண்டு அனுபவம் உண்டா' போன்ற கேள்விகளுக்கு 'இல்லை' என்று பதில் தரும்போதுதான். ரெஸ்யூமே விஷயத்தில் உண்மையான ஆபத்து, மென்பொருள் தப்பாகப் பிரித்து உங்கள் விவரம் தேடலில் அகப்படாமல் போவது.

தவிர்க்கும் வழி எளிது. மேலிருந்து கீழாக ஒரே நெடுவரிசையில் எழுதுங்கள், பக்கத்தை இடம், வலம் என்று இரண்டு நெடுவரிசையாகப் பிரித்த அலங்கார வடிவங்கள் வேண்டாம். அட்டவணைக்குள்ளும் படத்துக்குள்ளும் எழுத்தை வைக்காதீர்கள். தொடர்பு விவரத்தைப் பக்கத்தின் ஹெட்டரில் (மேல் ஓரத்தில் தனியாக உள்ள தலைப்புப் பகுதியில்) போட்டால் சில மென்பொருள்கள் அதைப் படிக்காமல் விட்டுவிடும். 'பணி அனுபவம்', 'கல்வி', 'திறன்கள்' என்று எல்லோரும் அறிந்த தலைப்புகளையே வையுங்கள், 'என் பயணம்' வேண்டாம். விளம்பரம் பயன்படுத்திய சொல்லையே நீங்களும் பயன்படுத்துங்கள்; சுருக்கப்பெயர் உள்ள சொல்லுக்கு முழுப்பெயரையும் ஒரு முறை எழுதிவிடுங்கள். விளம்பரத்தின் சொற்களை வெள்ளை எழுத்தில் கண்ணுக்குத் தெரியாமல் ஒட்டிவைக்கும் தந்திரம் வேண்டாம். மென்பொருள் அதை எழுத்தாகப் பிரித்துக் காட்டும்போது எல்லாம் வெளியே தெரியும்.

ஒரு சோதனை: உங்கள் பிடிஎஃப் கோப்பைத் திறந்து, எல்லாவற்றையும் நகலெடுத்து, நோட்பேடில் ஒட்டுங்கள். வரிசை மாறாமல் படிக்க முடிந்தால் பெரும்பாலும் பிரச்சினை இருக்காது. ஸ்கேன் செய்த பிடிஎஃப் என்றால் ஒன்றுமே வராது. தமிழில் எழுதும் ரெஸ்யூமேக்கு இந்தச் சோதனை இன்னும் அவசியம். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் எழுதியிருந்தால் நோட்பேடில் அர்த்தமில்லாத ஆங்கில எழுத்துகள்தான் வந்து நிற்கும். யூனிகோடில் மட்டும் எழுதுங்கள். யூனிகோடிலும் சில பிடிஎஃப்களில் கொம்பும் காலும் இடம் மாறிவிடுவதுண்டு. அப்படி ஆனால் வேர்ட் கோப்பாக அனுப்புங்கள்.

எழுத்தின் அளவு 10 முதல் 12, ஓரங்களில் போதிய இடம், ஒரே எழுத்துரு. 10 ஆண்டுக்குக் குறைவான அனுபவத்துக்கு 1 பக்கம், அதற்கு மேல் 2. ஒரு பக்கத்தில் அடக்குவதற்காக எழுத்தை 8 ஆகச் சுருக்குவதைவிட இரண்டாவது பக்கத்துக்குப் போவதே மரியாதை. மாதத்தை எழுத்தில் எழுதுங்கள்: 03/04/2022 என்பது சில நாடுகளில் ஏப்ரல் 3, அமெரிக்காவில் மார்ச் 4.

வெளிநாட்டுக்கு அனுப்புகிறீர்கள் என்றால் அந்த நாட்டின் வழக்கத்தைப் பாருங்கள். அமெரிக்கா, பிரிட்டன், கனடாவில் புகைப்படம், வயது, திருமண நிலை, மதம் எதையும் போடுவதில்லை. பாகுபாட்டுப் புகார் வரும் என்பதால் நிறுவனங்களே அவற்றை விரும்புவதில்லை. ஜெர்மனியில் புகைப்படம் கட்டாயமில்லாவிட்டாலும் இன்னும் பரவலாக வைக்கிறார்கள். ஜப்பானில் ரிரெகிஷோ என்ற நிலையான படிவமே இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் யூரோபாஸ் என்ற இலவச வடிவத்தைத் தருகிறது.

ஒன்பதாவது படி: சரிபார்த்து அனுப்புவது

எழுதிய அன்றே அனுப்பாதீர்கள். ஒரு நாள் ஆறப்போட்டு, அச்செடுத்து, வாய்விட்டுப் படியுங்கள். மூச்சு முட்டும் வரி எது என்று உடனே தெரியும். வேறு ஒருவரிடம் அரை நிமிடம் காட்டி, வாங்கிவைத்துக்கொண்டு, "நான் எந்த வேலைக்கு விண்ணப்பிக்கிறேன், எதில் கெட்டிக்காரன்?" என்று கேளுங்கள். பதில் தடுமாறினால் தலைப்பகுதியை மறுபடி எழுத வேண்டும்.

தொலைபேசி எண்ணுக்கு நீங்களே அழைத்துப் பாருங்கள், இணைப்புகளைச் சொடுக்கிப் பாருங்கள். நிறுவனத்தின் பெயரை இரண்டு முறை பாருங்கள். நான் ஒரு முறை ஒரு நிறுவனத்துக்கு அனுப்பிய கடிதத்தில் அதன் போட்டி நிறுவனத்தின் பெயர் இருந்தது. பதில் வரவில்லை. வந்திருந்தால்தான் ஆச்சரியம்.

சாட்ஜிபிடி போன்ற கருவிகளைப் பிழை பார்க்கவும் நீளத்தைக் குறைக்கவும் பயன்படுத்தலாம். முழுதாக எழுத விட்டால் நீங்கள் செய்யாத சாதனையையும் கூசாமல் சேர்த்துவிடும், அதையும் எல்லோருக்கும் தரும் அதே தொனியில். நண்பனிடம் ரெஸ்யூமே வாங்கிப் பெயரை மாற்றிய பழைய கதைதான், வேகம் மட்டும் கூடியிருக்கிறது.

கோப்பின் பெயர் 'ரெஸ்யூமே புதியது கடைசி 3' என்று இருக்க வேண்டாம். உங்கள் பெயரும் வேலையின் பெயரும் போதும். மின்னஞ்சலில் அனுப்பினால் தலைப்பு வரியில் வேலையின் பெயர், விளம்பர எண், உங்கள் பெயர். உள்ளே 4, 5 வரிகள்: எந்த வேலை, ஏன் பொருத்தம், எப்போது சேர முடியும். எதுவும் எழுதாமல் ரெஸ்யூமே கோப்பை மட்டும் இணைத்து அனுப்புவது, கதவைத் தட்டாமல் கடிதத்தை வீசிவிட்டு ஓடுவதுபோல் இருக்கும்.

எந்த நிறுவனத்துக்கு எந்தத் தேதியில் எந்த வடிவத்தை அனுப்பினீர்கள் என்று ஒரு தாளில் குறித்துவையுங்கள். 20, 25 இடங்களுக்கு அனுப்பியும் ஓர் அழைப்பும் இல்லையென்றால், ரெஸ்யூமேயிலோ நீங்கள் தேர்ந்தெடுக்கும் வேலைகளிலோ கோளாறு இருக்கலாம். முதல் படிக்குத் திரும்புங்கள். அழைப்பு வந்து, இன்டர்வியூவுக்குப் பிறகு நின்றுபோகிறது என்றால் ரெஸ்யூமேயைக் கிண்டிக்கொண்டிருக்காதீர்கள், அது தன் வேலையைச் செய்துவிட்டது. இன்டர்வியூவுக்கு முந்தைய இரவு, அவர்களுக்கு அனுப்பிய அதே வடிவத்தைத் திறந்து, ஒவ்வொரு வரியைப் பற்றியும் 2 நிமிடம் பேச முடிகிறதா என்று பாருங்கள்.